மலை பிரித்த மழை

(உரைநடைப் பாடம்)

நுழையுமுன்

புனேயில் மழை ஜூன் மாதம் தொடங்குகிறது. அந்நாளில் தஞ்சையிலோ இராமநாதபுரத்திலோ உள்ள பாட்டியிடம் தொலைபேசியில் பேசினால், அங்கே வெயில் கொளுத்துவதாகச் சொல்வார். ஐப்பசி பிறந்ததும் நிலைமை தலைகீழாகும். இங்கே வானம் வெளுத்துவிடும். அங்கே அடைமழை பிடித்துக்கொள்ளும். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவு. இந்த இரண்டு மழையும் ஒரே நாட்டுக்குள், ஒரு பகற்பொழுதுப் பேருந்துப் பயணத் தொலைவில், ஒரு மலையின் இருபுறமும் தனித்தனியே பெய்யும் தீவு ஒன்று உண்டு. தமிழர் தொன்றுதொட்டு வாழும் அந்த இலங்கையின் இயற்கை அமைப்பை இப்பாடத்தில் காண்போம்.

தீவின் அமைப்பு

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். இது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றே கூடுதலாகும். வடமுனையிலிருந்து தென்முனை வரை ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடத்தில் ஏறத்தாழ 225 கிலோமீட்டர் அகலமும் உடையது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அக்கடலும் ஆழமற்றது, பாக்கு நீரிணையின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழத்தைக்கூட எட்டுவதில்லை. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் பெரும்பங்கு பனிக்கட்டியாக உறைந்து கிடந்த காலத்தில், கடல் மட்டம் இன்றுள்ளதைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. அப்போது இராமேசுவரத்திலிருந்து மன்னாருக்குக் கால் நனையாமல் நடந்து போயிருக்கலாம். பனி உருகிக் கடல் ஏறியதும் நிலப்பாலம் மூழ்கியது, இலங்கை தீவாயிற்று.

தீவின் தரையில் பத்தில் ஒன்பது பங்கு, தென்னிந்தியாவில் உள்ளது போன்ற மிகப் பழைய கடும்பாறையால் ஆனது. வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலும் மட்டும் பிற்காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் உண்டு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் பிற்பகுதி முழுவதும் இதையே சார்ந்தது.

கரையைச் சுற்றிலும் தாழ்ந்த சமவெளி. நடுவே, சற்றுத் தெற்கே தள்ளி, மலைநாடு. அங்கே மிக உயர்ந்த சிகரம் 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகல. அதைவிடப் புகழ்பெற்றது 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலை. அதன் உச்சியில் உள்ள பாதச் சுவட்டைப் பௌத்தர், சைவர், இசுலாமியர், கிறித்தவர் எனப் பல சமயத்தாரும் தத்தம் மரபுப்படி போற்றுகின்றனர். மலை நடுவில் இருப்பதால் ஆறுகள், சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல, எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. சிறியனவும் பெரியனவுமாக 103 ஆறுகள் எனக் கணக்கிடுவர். அவற்றுள் நீளமானது 335 கிலோமீட்டர் ஓடித் திருகோணமலை அருகே கடலில் கலக்கும் மகாவலி கங்கை.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கரையோர ஊர்களில் ஆண்டு முழுவதும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. கொழும்பில் தை மாதமும் வெப்பம்தான், ஆடி மாதமும் வெப்பம்தான். ஆனால் அங்கிருந்து மலையேறி, 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவை அடைந்தால் கம்பளிச் சட்டை வேண்டியிருக்கும். சில தை மாத விடியலில் புல்மேல் உறைபனியும் படிந்திருக்கும். ஆகவே அந்நாட்டில் குளிரைத் தருவது காலம் அன்று, உயரம். காலத்தைப் பிரித்துக் காட்டுவது மழை ஒன்றே.

ஒரு மலை, இரு காற்று

மே மாதம் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று வீசுகிறது. கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அக்காற்று மலைச்சுவரில் மோதி மேலே ஏறுகிறது. மேலே ஏறும் காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் முன்போல் ஈரத்தைத் தாங்க முடியாது, மழையாகக் கொட்டிவிடுகிறது. மேற்குச் சரிவில் உள்ள வாட்டவளைப் பகுதியில் ஓராண்டில் 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும். மலையைக் கடந்த காற்றோ, ஈரத்தை இழந்து, கீழே இறங்க இறங்க வெப்பமடைந்து, மறுபக்கம் உலர்காற்றாக வீசுகிறது. மேற்கே வெள்ளம் வரும் அதே நாளில் கிழக்கே மட்டக்களப்பில் மண் வெடித்துக் கிடக்கும்.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் இலங்கைக்குப் போக வேண்டியதில்லை. சகியாத்திரி மலைமேல் உள்ள மகாபலேசுவரத்திலும் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. மலைக்குக் கிழக்கே, மழை மறைவுப் பகுதியில் இருக்கும் புனேயிலோ 700 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்கிறது. லோனாவாலாவில் சாலை தெரியாமல் மழை கொட்டும் ஞாயிற்றுக்கிழமையில் கேம்ப் கடைத்தெருவில் வெறும் தூறல் விழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் ஒரே செயல்தான்.

வேறுபாடு ஒன்று உண்டு. புனேக்கு ஒரு பருவமழையே முதன்மை. இலங்கையின் கிழக்கும் வடக்கும் தங்கள் முறைக்காகக் காத்திருக்கின்றன. அக்டோபரில் காற்று தடுமாறி, இடியுடன் மழை தொடங்கும். பிறகு வடகிழக்குக் காற்று நிலைபெற்று, மலையின் கிழக்குச் சரிவிலும் வட கிழக்குச் சமவெளிகளிலும் மழையைப் பொழியும். தமிழ்நாட்டின் கடற்கரைக்குக் கார்த்திகை மழையைக் கொணர்வதும் இக்காற்றே.

மழையின் அளவைக் கொண்டு தீவை வலயங்களாகப் பிரித்துள்ளனர். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெறும் தென்மேற்குப் பகுதி ஈரவலயம். 1,750 மில்லிமீட்டருக்குக் கீழ்ப் பெறும் வடக்கு, கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகள் உலர்வலயம். இடைப்பட்டது இடைவலயம். நாட்டின் பெரும்பரப்பு உலர்வலயமே. அந்த அளவுகோலை இங்கே வைத்தால் புனேயும் தஞ்சையும் சென்னையும் உலர்வலயமே ஆகும்! மழைவளம் மிக்க நாடு எதனை வறட்சி என்கிறது என்பதும் அறியத்தக்கதே.

காற்றுகளுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை. கடலோடு வாழும் ஈழத்துத் தமிழர் தென்மேற்குக் காற்றைச் சோளகம் என்பர். மலையைத் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் இறங்கும் வெப்பக் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். அந்நாட்டில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர். ஆகவே யாழ்ப்பாணத்துக் கடையில் கச்சான் கேட்டால் காற்று கிடைக்காது, கடலை கிடைக்கும்.

சரிவில் குடியிருந்தோர்

மழை மிகுந்த மலைச்சரிவுகள் ஒரு காலத்தில் அடர்ந்த காடாக இருந்தன. உலகில் பல்லுயிர்கள் செறிந்த இடங்களைப் பட்டியலிடும் அறிவியலாளர், மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் சேர்த்து ஒரே இடமாக எண்ணுகின்றனர். தவளைகளில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அத்தீவில் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. சிங்கராஜ வனம் 1988-ஆம் ஆண்டிலும், மத்திய மலைநாடு 2010-ஆம் ஆண்டிலும் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. காஸ் பீடபூமியை உள்ளடக்கிய நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அச்சிறப்பு 2012-இல் கிடைத்தது. ஆயினும் ஈரவலயத்தில் எஞ்சியுள்ள காடுகள் இன்று சிறு சிறு துண்டுகளே.

காடு குறைந்ததன் வரலாறு, இடம்பெயர்ந்த தமிழரின் வரலாறும் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலைக்காட்டை வெட்டிக் காப்பி பயிரிட்டனர். 1869-இல் இலைகளில் துருநோய் தோன்றி, சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களை அழித்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. இவ்வளவுக்கும் உழைத்தவர் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழை மக்கள். உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிழைப்புக்காக ஊர்விட்டுப் புனேக்கு வந்தது போல, அவர்களும் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலையேறினர். வழியிலேயே நோயால் மாண்டவர் பலர். மலையகத் தமிழர் என்று இன்று அழைக்கப்படுவோர் அவர்களின் வழிவந்தவர்கள்.

அவர்களுக்குத் தோட்ட நிருவாகம் கட்டித்தந்த வரிசை வீடுகளுக்கு 'லயம்' என்று பெயர். அவை எங்கே கட்டப்பட்டன என்பது முதன்மையான செய்தி. தேயிலைக்கு உதவாத இடத்திலும் செங்குத்தான சரிவின் அடியிலும் லயங்கள் அமைந்தன. 2014 அக்டோபர் 29 அன்று காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தை என்னும் தோட்டத்தில், நாள்கணக்காகப் பெய்த மழையில் ஊறிய மலைச்சரிவு சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் பிழைத்தனர். திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடு இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது.

அதே ஆண்டு, மூன்று மாதங்களுக்கு முன், 2014 ஜூலை 30 அன்று, நம் புனே மாவட்டத்தின் அம்பேகாவ் வட்டத்தில் மாளின் என்னும் சிற்றூரும் இவ்வாறே புதைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வழியே வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர் ஊர் இருந்த இடத்தில் ஊரைக் காணாமல் திகைத்துச் செய்தி சொன்ன பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. ஒன்று தென்மேற்கு மழையில், மற்றொன்று வடகிழக்கு மழை தொடங்கும் வேளையில். ஆனால் நிகழ்ந்த விதம் ஒன்றே. சரிவில் பாறையின்மேல் மண் போர்வைபோல் கிடக்கிறது. மழைநீர் மண்ணுள் இறங்கிப் பாறைவரை சென்று தேங்குகிறது. எடை கூடுகிறது, பிடிப்பு தளர்கிறது. ஆழ வேரூன்றிய மரங்கள் மண்ணைத் தைத்து வைத்திருக்கும். அவற்றை அகற்றி, சரிவை வெட்டி, நீர் வடியும் வழியையும் அடைத்தால் சரிவதற்கு ஒரு பெருமழை போதும். காடு உள்ள மலை சரியவே சரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சரிவு ஆபத்தானது என்பதை இன்று முன்கூட்டியே அறிய முடிகிறது. அங்கே இருப்போருக்கு வேறிடத்தில் நிலம் கொடுப்பதுதான் காலந்தாழ்கிறது.

கருங்கல் நிலத்தின் குளங்கள்

மலையிலிருந்து வடக்கே இறங்கினால் உலர்வலயம். அங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி மூன்று நான்கு மாதங்களுக்குள் பெய்துவிடும். அடியில் இருப்பதோ கருங்கல். நீரை உறிஞ்சி வைக்காது. பெய்ததை மேலேயே தேக்கினால் அன்றி அடுத்த மழை வரை உயிர் வாழ முடியாது. ஆகவே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அம்மக்கள் மண்ணால் கரை எழுப்பிக் குளம் அமைத்தனர். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று நாம் சொல்வதை அங்கே குளம் என்பர். ஊர்ப்பெயர்களே அதற்குச் சான்று: கட்டுக்கரைக்குளம், கனகராயன்குளம், மாங்குளம், புளியங்குளம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு விரிவாக்கிய பராக்கிரம சமுத்திரத்தின் கரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அரசர் பெயர் தாங்கிய இத்தகைய பெருங்குளங்களைப் புகழ்வது எளிது. எனினும், பெயர் தெரியாத உழவர் வெட்டிய சிறு குளங்களின் வரிசையே இன்னும் வியப்புக்குரியது. ஒரு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாகப் பல குளங்கள் தொடராக இருக்கும். மேற்குளம் நிறைந்து கலிங்கு வழியே வழியும் நீர் கீழ்க்குளத்துக்குச் செல்லும். மேற்குளத்து நீரால் விளைந்த வயலின் கழிநீரும் கீழ்க்குளத்தையே அடையும். ஒரே நீர் பல ஊர்களுக்கு உணவு தரும். குளத்தின் மேற்புறம் வண்டலைத் தடுத்துக் காற்றின் வேகத்தைக் குறைக்க ஒரு மரச்சோலை விடுவர். கரைக்கும் வயலுக்கும் இடையே, கசியும் நீரின் உப்பை உறிஞ்சும் மரம் செடிகள் நிறைந்த ஈரநிலம் ஒன்றையும் விட்டுவைப்பர். இக்குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2017-இல் உலக வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

ஈரவலயத்தில் பிறந்து உலர்வலயத்தின் ஊடே ஓடும் மகாவலி கங்கை, மலையின் மழையைச் சமவெளிக்குக் கொண்டுவரும் பேராறு. சகியாத்திரியில் பிறந்து, புனேயைக் கடந்து, பீமா ஆற்றோடு சேர்ந்து வறண்ட சோலாப்பூர்ப் பக்கம் செல்லும் முளா-முடா ஆறும் அவ்வாறே. கடக்வாசலா அணையின் நீரைக் குடிக்கும் நாமும் மலைமேல் பெய்த மழையையே குடிக்கிறோம். 1970-களின் இறுதியிலிருந்து மகாவலித் திட்டத்தில் விக்டோரியா, கொத்மலை, இரந்தெனிகலை முதலிய அணைகள் அடுத்தடுத்து விரைந்து கட்டப்பட்டன. மின்சாரமும் பாசனமும் பெருகின.

ஆறில்லாத குடாநாடு

மகாவலியின் நீர் எட்டாத வடகோடியில் யாழ்ப்பாணக் குடாநாடு உள்ளது. அங்கே மலை இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு தவிர ஆறும் இல்லை. பனைமரங்களும் செம்மண் தோட்டங்களும் நிறைந்த தட்டையான நிலம். ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீட்டர். இது புனேயில் பெய்வதைவிடக் கூடுதல்! ஆயினும் நீருக்குத் தட்டுப்பாடு. எவ்வளவு பெய்கிறது என்பது பாதிச் செய்தியே. பெய்ததை எது பிடித்து வைக்கிறது என்பதே மறுபாதி.

இங்கே பிடித்து வைப்பது சுண்ணாம்புக்கல். அது துளைகளும் வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த கல். மேலே விழும் மழையை உடனே குடித்துவிடும். அவ்வாறு இறங்கிய நன்னீர், நிலத்தின் அடியில் நான்கு புறமும் ஊடுருவியுள்ள கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது; கடல்நீர் உப்பால் கனமானது. ஆகவே இரண்டும் எளிதில் கலப்பதில்லை. நடுவே தடித்தும் கரையோரம் மெலிந்தும், பூதக்கண்ணாடி வில்லையின் வடிவில் அந்த நன்னீர் நிற்கிறது.

இவ்வில்லைக்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சிதான். ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், அடியில் உள்ள உப்புநீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலேறி வரும். குகைகளும் வெடிப்புகளும் உள்ள கல்லில் இந்த ஏட்டுக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். எனினும் போக்கு இதுவே. புத்தூர்ப் பக்கத்தில் நிலாவரை என்னும் பழைய கிணறு உள்ளது. அதற்கு அடியே இல்லை என்றும், இராமபிரான் அம்பெய்து தோற்றுவித்தது என்றும் ஊரார் கூறுவர். அதன் நீரை மேலே எடுத்துச் சுவைத்தால் இனிக்கும். ஆழத்தில் எடுத்தால் கரிக்கும். நன்னீர் வில்லையைக் கண்ணால் காண முடியாது. நாவால் அறிய அந்த ஒரு கிணறு போதும்.

முன்னோர் துலாவைக் கொண்டு நீர் இறைத்தனர். நெடிய மரம் ஒன்றின்மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடக்க, மற்றொருவர் கீழே நின்று பட்டையில் வரும் நீரை வாய்க்காலில் கவிழ்ப்பார். ஒரு நாளில் இறைக்கும் அளவை உடல்வலிமை கட்டுப்படுத்தியது. இயந்திரம் வந்த பின் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வெங்காயம், மிளகாய், புகையிலை எனத் தோட்டங்கள் பெருகின. மழைநீரைத் தேக்கி நிலத்துள் இறக்கிய ஊர்க்குளங்கள் பல தூர்ந்தன. சில குப்பை மேடாயின. வயலில் இட்ட உரமும், வீட்டுக் கழிப்பறைக் குழியின் கசிவும், வடிகட்டும் மண் ஆழமாக இல்லாத அந்நிலத்தில் நேரே நிலத்தடி நீரைச் சென்றடைந்தன. இன்று கரையோரக் கிணறுகள் பல உவர்த்துவிட்டன. உள்ளூர்க் கிணறுகள் சிலவற்றில் நைத்திரேற்று என்னும் உப்பு அளவுக்கு மீறியுள்ளது. அது கைக்குழந்தைகளுக்குத் தீங்கானது.

இதற்கு வழி என்ன? 1950-களில் எஸ். ஆறுமுகம் என்னும் பொறியியலாளர் ஒரு திட்டம் வகுத்தார். வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுந்து வீணாகிறது. அந்நீரேரியின் வாய்களை அடைத்துக் கடலைத் தடுத்தால், சில ஆண்டுகளில் மழைநீர் உப்பைக் கழுவிவிடும். அந்நன்னீரை வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொண்டு சென்றால், குடாநாட்டின் நிலத்தடி நீர் தானே உயரும். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என அழைக்கப்பட்ட அத்திட்டத்தின் சில பகுதிகளே நிறைவேறின. பின்னர், கிளிநொச்சியில் உள்ள இரணைமடுக் குளத்திலிருந்து குழாய் வழியே குடிநீர் கொண்டுவர முயன்றனர். தங்கள் வயலுக்கே போதாத நீரைத் தர இயலாது என்று கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். இரு தரப்பாரும் தமிழரே. இரு தரப்பாரின் தேவையும் உண்மையே. கடைசியில் தாளையடிக் கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. உப்பைப் பிரித்த பின் கடலுக்கே திரும்பும் மிகை உப்புநீர் மீன்வளத்தைக் கெடுக்கும் என்று அக்கரை மீனவர் அஞ்சினர். குடத்து நீருக்கும் வயல் நீருக்கும் வலை வீசும் நீருக்கும் இடையே குடாநாடு இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் கார்த்திகையில் பெய்யும் மழையில் பெரும்பங்கு, அந்தக் கணக்கில் சேராமலே கடலுக்கு ஓடிவிடுகிறது.

சொற்பொருள்

குடாநாடு: மூன்று புறம் கடலும் ஒரு புறம் நிலமும் சூழ்ந்த பகுதி
நீரிணை: இரு கடற்பகுதிகளை இணைக்கும் குறுகிய கடல்
வலயம்: ஒரே தன்மையுடைய நிலப்பகுதி
கலிங்கு: குளம் நிறைந்தபின் மிகைநீர் வழியும் அமைப்பு
துலா: கிணற்று நீரை இறைக்கும் ஏற்ற மரம்
பட்டை: நீர் முகக்கும் கலம், பனையோலையாலும் செய்யப்படும்
கடல்நீரேரி: கடலோடு தொடர்புடைய உவர்நீர் நிலை, காயல்
உவர்த்தல்: உப்புச் சுவை அடைதல்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. நன்னீர் 2. பேராறு 3. செம்மண் 4. கருங்கல் 5. பெருமழை
(எடுத்துக்காட்டு: நன்னீர் = நன்மை + நீர்)

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இலங்கையின் ஆறுகள் எல்லாத் திசைகளிலும் ஓடுவது ஏன்?
2. மேற்குச் சரிவில் மழை பெய்யும்போது மட்டக்களப்பு வறண்டிருப்பது ஏன்?
3. கருங்கல் நிலத்தில் குளமும் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணறும் முதன்மை பெற்றதன் காரணம் யாது?
4. குளக்கரைக்கும் வயலுக்கும் இடையே ஈரநிலம் விடுவது எதற்காக?

இ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.
1. மீரியபெத்தையிலும் மாளினிலும் நிகழ்ந்தவற்றை ஒப்பிடுக. எவை இயற்கையால் நேர்ந்தவை, எவை மனிதரால் தடுத்திருக்கக் கூடியவை?
2. இரணைமடு நீர் குறித்து, கிளிநொச்சி உழவர் ஒருவரும் யாழ்ப்பாணத்து இல்லத்தரசி ஒருவரும் பேசிக்கொள்வதாக உரையாடல் எழுதுக. இருவர் சொல்லிலும் நியாயம் இருக்க வேண்டும்.

ஈ. செய்து பார்க்க.
ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு நீர் ஊற்றி, மூன்று கரண்டி உப்பும் சிறிது மஞ்சள்தூளும் கலக்குக. அதன்மேல் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின் வழியே நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றுக. பிறகு ஓர் உறிஞ்சுகுழலால் மேல்நீரை முதலில் மெதுவாகவும் பின்னர் வேகமாகவும் உறிஞ்சி, மஞ்சள்நீர் என்ன செய்கிறது என்று கண்டு எழுதுக.

உ. கேட்டு எழுதுக.
உங்கள் குடும்பத்தின் சொந்த ஊரில் முற்காலத்தில் குடிநீர் எங்கிருந்து வந்தது, இன்று எங்கிருந்து வருகிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிக. குளம், ஊருணி, கேணி, கண்மாய், ஏரி ஆகியவற்றுள் அவர்கள் பயன்படுத்தும் சொற்களை அவர்கள் சொன்னவாறே குறித்து வருக.